எடையைக் குறைக்கச் சொல்பவர் எங்கே படித்தார்?



சென்ற தவணையில் என் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று நாள் சேர்ந்தாற்போல் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் ஆண்டு படிப்பவன். மழை பெய்தாலும் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்துவிடுகிற பிள்ளை. நான்காம் நாள் பள்ளி விட்டதும், செரண்டாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அவன் குடியிருக்கும் லயத்துக்கு நானே போனேன்.

பையன் அடுப்படியில் நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தான். தாய் முன்னறையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்து உட்கார முயன்றார். முடியவில்லை.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. நேத்து காட்டுல மயங்கி விழுந்துட்டேன். இவன்தான் பக்கத்துல இருந்து பார்த்துக்கறான்" என்றார்.

அந்த அம்மாள் காலையில் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். மாலையில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் தட்டுக் கழுவுகிறார். உழைப்புக்கு அஞ்சாதவர். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பையனைக் கூப்பிட்டு, அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வரச் சொன்னார். பளபளவென்ற பெட்டி. இடை சிறுத்த ஒரு பெண்ணின் படம். எடை குறைக்கும் காப்பியாம். விலை 120 வெள்ளி.

"மூணு மாசத்துல பத்து கிலோ போயிரும்னு சொன்னாங்க டீச்சர். கடையில கூட வேலை செய்யற பொண்ணுதான் வாங்கித் தந்துச்சு."

பள்ளிக் கட்டணத்துக்கும் பஸ் காசுக்கும் கணக்குப் பார்க்கிற குடும்பம் அது. அந்த வீட்டில் 120 வெள்ளிக்கு என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் வாங்கினீர்கள் என்று கடிந்துகொள்ள வாய் வந்தது. நல்ல வேளை, கேட்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

முழங்கால் வலி தாங்காமல் அவர் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். எந்தக் கிளினிக் என்பது இங்கே தேவையில்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும், அங்கிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு குண்டா இருந்தா கால் வலிக்காம என்ன செய்யும்? சாப்பாட்டைக் குறை" என்று சொல்லி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டாராம். எடை பார்க்கவில்லை. இனிப்பு நீர் இருக்கிறதா என்று சோதிக்கவில்லை. எப்போது சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

"வெளியில ஆளுங்க உட்கார்ந்திருந்தாங்க டீச்சர். எல்லாருக்கும் கேட்டுச்சு. அதுக்கப்புறம் டாக்டருகிட்ட போகவே மனசு வரல."

தாய்மார்களே, இதை எண்ணிப் பாருங்கள். அவர் மூடத்தனத்தால் அந்தக் காப்பியை வாங்கவில்லை. உடம்பு குறைய வேண்டும் என்று சொன்னவர்கள், எப்படி என்று சொல்லித் தரவில்லை. சொல்லித் தருவதாக வந்தவளோ பெட்டியோடு வந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரு கேள்வி. "சாப்பாட்டைக் குறை" என்று சொல்லத் தனியாகப் படிக்க வேண்டுமா? அதை நம் பாட்டியே சொல்வாரே! அப்படியானால், உடல் பருமனுக்கு மருத்துவம் பார்ப்பவர் என்னதான் படிக்கிறார்? எங்கே படிக்கிறார்? படித்தவரை நாம் எப்படி அறிந்துகொள்வது?

நான் சிறுமியாக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் டிரஸ்ஸர் ஐயா ஒருவர் இருந்தார். காய்ச்சல், பிரசவம், பாம்புக் கடி எதுவானாலும் முதலில் அவரிடம்தான் ஓடுவோம். மருந்து அறையின் சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கும். அது என்ன படம் என்று ஒரு முறை என் தந்தையைக் கேட்டேன். "அது படம் இல்லம்மா. இவரு கையால மருந்து வாங்கிக் குடிக்கலாம்னு சர்க்காரு சொன்ன வாக்கு" என்றார்.

பெரியவளான பின்புதான் அதன் முழு விவரம் எனக்குத் தெரிந்தது. தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே நம் நாட்டில் 1965-இல் ஒரு சட்டம் வந்தது. தோட்டத்து மக்களுக்கு மருந்து கொடுப்பவர் யாராக இருந்தாலும் போதும் என்று விட்டுவிடாமல், அவர் பெயர் ஓர் ஏட்டில் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. டாக்டர்களுக்கு 1971-ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் இருக்கிறது. உணவியல் நிபுணர் போன்றவர்களுக்கு 2016-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது.

பதிவு என்பது முதல் படி. படிப்பு அதோடு முடிந்துவிடுவதில்லை. பயிற்சிக் கல்லூரியில் நான் பெற்ற சான்றிதழ் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அன்று படித்ததை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த முடியுமா? ஆண்டுதோறும் எங்களைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். டாக்டர்களுக்கும் அப்படித்தான். பழைய அறிவை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊர்ச் சரித்திரத்திலேயே ஒரு பாடம் உண்டு.

நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரமாயிரமாய் உயிரைக் குடித்தது. கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். அது ஒட்டுவாரொட்டி நோய் என்றே பல டாக்டர்கள் அன்று நம்பினார்கள். 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர் ஒரு சோதனை நடத்தினார். நோயாளிகளில் ஒரு பாதியினருக்குத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. மறு பாதியினருக்குப் புழுங்கல் அரிசிச் சோறு. வெள்ளை அரிசி உண்டவர்களைப் பெரிபெரி பிடித்தது, சிலர் இறந்தும் போனார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்கள் தப்பினார்கள். நம் தமிழ்த் தொழிலாளர் பானையில் கொதித்தது அந்தப் புழுங்கல் அரிசிதான். அதனாலேயே அந்த நோய் நம்மவர்களை அவ்வளவாக அண்டவில்லை. அதன் பின் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து டாக்டர்களான பிரேசரும் ஸ்டாண்டனும், அரிசியைத் தீட்டும்போது உதிர்ந்து போகும் தவிட்டில்தான் காக்கும் சத்து இருக்கிறது என்று காட்டினார்கள்.

ஒட்டுவாரொட்டி என்று நம்பிய டாக்டர் கெட்டவர் அல்லர். அவர் படித்தது பழசு. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பழசுக்கு உயிரைக் கொடுத்தவர் நோயாளி.

உடல் பருமன் விஷயத்திலும் அதே கதைதான். குண்டாக இருப்பது தின்பவரின் குற்றம், சோம்பேறியின் குற்றம் என்பது பழைய பாடம். இன்றைய மருத்துவம் அதை நீண்ட நாள் தொடரும் ஒரு நோய் என்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013-இல் அப்படியே அறிவித்தது. பசியும் நிறைவும் வயிற்றில் மட்டும் தோன்றுவதில்லை. மூளையும் குடலும் கொழுப்பும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. எடை குறையத் தொடங்கியதும் உடம்பு பசியைக் கூட்டி, செலவைக் குறைத்து, பழைய எடைக்கே திரும்பப் பார்க்கிறது. பரம்பரை, தூக்கக் குறைவு, மன வேதனை, சில மாத்திரைகள், கையில் உள்ள காசுக்கு எந்த உணவு கிடைக்கிறது என்பது, இவையெல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. இத்தனையையும் அறிந்தவரால்தான் மருத்துவம் செய்ய முடியும்.

நம் நாட்டில் நிலைமை என்ன? சுகாதார அமைச்சின் நாடு தழுவிய ஆய்வுகளின்படி 1996-இல் பெரியவர்களில் 100 பேருக்கு 4 பேர் போலத்தான் உடல் பருமன் உள்ளவர்கள். 2023-இல் அது 100-க்கு ஏறத்தாழ 22 பேர். அதற்கு முந்திய படியான மிகை எடையையும் சேர்த்தால் 54 பேர். பாதிக்கு மேல்! 2019-ஆம் ஆண்டு ஆய்வில் இனவாரியாகப் பார்த்தபோது இந்தியர்களே முன்னால் நின்றார்கள்: 100-க்கு ஏறத்தாழ 64 பேர். பெருமைப்படத்தக்க முதலிடமா இது?

இன்னொன்றும் உண்டு. "நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்" என்று நம்மவர்கள் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் தங்கள் இருவரையுமே அளந்து பார்த்து, 2004-இல் லான்செட் என்ற மருத்துவ ஏட்டில் படத்தோடு வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 100-க்கு 9 பங்கு. இந்தியர் உடம்பில் 21 பங்கு! பார்வைக்கு மெலிந்த இந்தியர் உடம்பிலும் வயிற்றுக்குள்ளே கொழுப்பு ஒளிந்திருக்கிறது என்பதற்கு அந்தப் படம் சாட்சி. என் தாயார் பால் மரம் வெட்டிய நாளில் கொடி போல இருந்தவர். தாமானுக்குக் குடிபோன பிறகும் கையும் காலும் மெலிந்தேதான் இருந்தன. வயிறு மட்டும் முன்னே வந்தது. கூடவே இனிப்பு நீரும் வந்தது. அன்று எங்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

ஆகவே அளவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எடையைக் கிலோவில் எழுதுங்கள். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்த விடையால் எடையை வகுங்கள். எடுத்துக்காட்டாக, 62 கிலோ எடை, 1.55 மீட்டர் உயரம். 1.55-ஐ 1.55-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2.4. 62-ஐ 2.4-ஆல் வகுத்தால் 25.8. மேல்நாட்டாருக்கு 25-இல் தொடங்கும் எச்சரிக்கை, நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியில் 23-லேயே தொடங்குகிறது. 27.5-ஐத் தொட்டால் உடல் பருமன். பிறகு தையல் நாடாவை எடுத்து இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள். பாவாடை கட்டும் இடமன்று; கீழ் விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையிடம் கொடுத்தால் கணக்கை அவனே போட்டுவிடுவான். ஆனால் இந்த எண்கள் பெரியவர்களுக்கு மட்டுமே. வளரும் பிள்ளைகளுக்கு வயதை ஒட்டிய வேறு அட்டவணை உண்டு. அதைக் கிளினிக்கில்தான் பார்க்க வேண்டும்.

இனி, டாக்டர் எங்கே படிக்கிறார் என்ற கேள்விக்கு வருவோம்.

மருத்துவக் கல்லூரிகளில் இருதயத்துக்கும் ஈரலுக்கும் தனித் தனிப் பாடம் உண்டு. உடல் பருமனுக்கு வெகு காலம் அப்படியொரு இடம் இருந்ததில்லை. உலகம் முழுவதும் இதே குறைதான். புறக்கணிக்கப்பட்ட நோய் ஒன்று தனிப் படிப்பாக வளர்வதற்கு யாராவது ஒருவர் முன்னே நடக்க வேண்டும். சென்னையில் நீரிழிவுக்கு அப்படி நடந்தவர் டாக்டர் எம். விஸ்வநாதன். 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் அந்த நோய்க்கென்றே மருத்துவமனை வைத்தார். இன்று நீரிழிவு டாக்டர் என்றால் யாரும் வியப்பதில்லை. உடல் பருமன் மருத்துவம் இப்போதுதான் அந்தப் பாதையில் நடக்கிறது.

நம் நாட்டில் இந்த நோயை ஆராய்பவர்களுக்கென்று மலேசிய உடல் பருமன் ஆய்வுச் சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கமும், உட்சுரப்பியல் டாக்டர்களின் சங்கமும், மருத்துவக் கழகமும், சுகாதார அமைச்சும் சேர்ந்து 2004-இல் உடல் பருமன் மருத்துவ வழிகாட்டி நூலை வெளியிட்டன. அதன் இரண்டாம் பதிப்பு 2023-இல் வந்தது. எப்படி அளப்பது, என்னென்ன சோதிப்பது, உணவும் நடையும் எவ்வளவு, மருந்து யாருக்கு, அறுவை யாருக்கு என்றெல்லாம் சொல்லும் நூல் அது. சிறு கிளினிக்கில் இருக்கும் டாக்டரும் படிக்கத்தக்கது.

உலக அளவில் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட உலக உடல் பருமன் கூட்டமைப்பு இருக்கிறது. 1986-இல் வேறு பெயரில் பிறந்து, 2014-இல் இந்தப் பெயரைப் பெற்றது. டாக்டர்கள், தாதியர், உணவியல் நிபுணர் ஆகியோர் தத்தம் ஊரிலிருந்தே கணினி வழி படித்து, கேள்விகளுக்கு விடை எழுதி, சான்றிதழ் பெறுவதற்கு 'ஸ்கோப்' என்ற பாடத் திட்டத்தை அது நடத்துகிறது. அமெரிக்காவில் 2011-இல் உடல் பருமன் மருத்துவத்துக்கென்று தேர்வு வாரியம் ஒன்றை அமைத்தார்கள். ஏற்கெனவே வேறொரு துறையில் தேறிய டாக்டர்களும் அங்கே 60 மணி நேரத்துக்குக் குறையாமல் இந்தப் பாடத்தைப் படித்துத்தான் தேர்வு எழுத முடியும். பாருங்கள், டாக்டர் ஆன பின்னும் 60 மணி நேரம்! "சாப்பாட்டைக் குறை" என்ற இரண்டு சொல்லுக்கா அவ்வளவு நேரம்?

இங்கே வாசகர்கள் ஒன்றைப் பிரித்தறிந்துகொள்ள வேண்டும். சுவரில் தொங்கும் கண்ணாடிச் சட்டங்கள் எல்லாம் ஒன்றல்ல. பதிவுச் சான்றிதழ், இவர் மருத்துவம் பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது என்று சொல்கிறது. டாக்டர்கள் தொழில் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பாடச் சான்றிதழ், இவர் இந்தத் துறையைப் படித்துத் தேறினார் என்று சொல்கிறது. உறுப்பினர் சான்றிதழ், இவர் ஒரு சங்கத்தில் சேர்ந்திருக்கிறார் என்று மட்டும் சொல்கிறது. நான் ஆசிரியர் சங்கத்தில் சந்தா கட்டுகிறேன். அதனால் நான் நன்றாகப் பாடம் நடத்துகிறேன் என்று ஆகிவிடாது. ஆனாலும் சங்கத்தில் இருப்பதில் நன்மை உண்டு. புதுச் செய்தி வரும், மாநாட்டில் நாலு பேரைச் சந்திக்கலாம், நாம் செய்யும் தவற்றைச் சொல்ல ஆள் இருக்கும். தனியாக இருந்து தொழில் பார்ப்பவருக்கு இந்த உதவி இல்லை. எனவே உறுப்பினர் என்றால் மகிழலாம். அதையே தகுதி என்று எண்ணி ஏமாறக் கூடாது. பதிவு இல்லாதவரின் சுவரில் பத்துச் சட்டம் தொங்கினாலும் வெளியே வந்துவிடுங்கள். பதிவுள்ள டாக்டர்களின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் ஏட்டில் யாரும் பார்க்கலாம். கைப்பேசி உள்ள பிள்ளையிடம் சொன்னால் தேடித் தருவான்.

அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று மாலையே காப்பிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவரை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். படபடப்பு அடங்கும் வரை படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். பெட்டியைப் பரிசோதனைக்கு வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து வேறொரு டாக்டரிடம் போகச் சொன்னார்கள். இளம் பெண் டாக்டர். உடல் பருமனைப் பற்றித் தனியாகப் பாடம் படித்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நானும் கூடவே போனேன்.

அவர் முதலில், "உங்க எடையைப் பத்திப் பேசலாமாம்மா?" என்று அனுமதி கேட்டார். அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்தார். இதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு அளந்தார். எடை 84 கிலோ, இடுப்பு 101 சென்டிமீட்டர். இரத்த அழுத்தம், இரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்தார். வேலை நேரம் என்ன, குறட்டை விடுவீர்களா, பகலில் தூக்கம் வருகிறதா, வேறு என்ன மாத்திரை, வீட்டில் யாருக்கு இனிப்பு நீர் என்று வரிசையாகக் கேட்டார். காலையில் கெட்டிப் பால் போட்ட தே ஒன்றோடு காட்டுக்குப் போகிறார், மத்தியானம் கிடைத்ததை உண்கிறார், இரவு 11 மணிக்குக் கடையில் மிஞ்சிய மீ கோரிங்கையோ சோற்றையோ வயிறு நிறைய உண்டு படுக்கிறார். இந்த விவரம் அந்த அறையில்தான் முதல் முதலாக வெளியே வந்தது.

"பத்து கிலோ குறைக்கணும்னு நான் சொல்லல. மொதல்ல நாலஞ்சு கிலோ. அதுக்கே முழங்கால் வலி குறையும், இனிப்பு நீர் தள்ளிப் போகும்" என்றார் டாக்டர். உடம்பு எடையில் 100-க்கு 5 முதல் 10 பங்கு குறைந்தாலே பெரும் நன்மை உண்டு என்பது இத்துறை கண்ட உண்மை. உணவியல் நிபுணரிடம் அனுப்பினார். அவரும் சோறே ஆகாது என்று சொல்லவில்லை. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ முட்டையோ என்று காட்டினார். தேயில் கெட்டிப் பாலைக் குறைக்கச் சொன்னார். கடைக்குப் போகுமுன் மாலை 5 மணிக்கே வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி நேரத்தை மாற்றினார்.

ஆறு மாதம் ஆயிற்று. இப்போது எடை 79 கிலோ. இடுப்பு 95. கதையில் வருவது போல யாரும் ஆளே மாறிவிடவில்லை. ஒரு மாதம் எடை ஏறவும் செய்தது. அப்போதும் அந்த டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டார். மாமியார் இறந்த மாதம் அது. இப்போது படி ஏறும்போது முழங்கால் முன் போல வலிக்கவில்லையாம். பையன் தவறாமல் பள்ளிக்கு வருகிறான்.

தாய்மார்களே, தந்தைமார்களே, சில வார்த்தை சொல்லி முடிக்கிறேன்.

எடை குறைக்கும் காப்பி, தே, மாத்திரை எதுவாயினும் பெட்டியை நன்றாகப் பாருங்கள். பதிவு பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் எண்ணும் ஒளிரும் முத்திரையும் இருக்கும். உணவு என்று விற்கப்படும் பொருளுக்கு அந்த எண் கிடையாது. அதை மருந்து என்று சொல்லி விற்கவும் கூடாது. சிபுட்ராமின் என்ற பசியடக்கும் மருந்து, இருதயத்துக்கும் மூளைக்கும் கேடு என்று 2010-இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அதன் பிறகும் அதைத் திருட்டுத்தனமாகக் கலந்த எடை குறைப்புப் பொருள்களை நம் சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் பிடித்திருக்கிறது. இப்போது வாரம் ஒருமுறை போடும் ஊசி மருந்தும் வந்திருக்கிறது. அது உண்மையான மருந்துதான், நல்ல பலனும் தருகிறது. ஆனால் யாருக்கு ஆகும், எவ்வளவு, எத்தனை காலம் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பசார் மாலாமிலும் கைப்பேசியிலும் வாங்குகிற பொருள் அல்ல.

டாக்டரிடம் போனால் கூச்சப்படாமல் கேளுங்கள். "என் எடையையும் இடுப்பையும் அளப்பீர்களா? இனிப்பு நீர் சோதிப்பீர்களா? உணவியல் நிபுணரைப் பார்க்க அனுப்புவீர்களா? இந்த நோய்க்கென்று பாடம் படித்திருக்கிறீர்களா?" மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். பிள்ளையின் பெற்றோர் என்னிடம் வந்து, "டீச்சர், இந்தப் பாடத்தை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீங்க?" என்று கேட்டால் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கும்.

ஒரு டாக்டர் அவமதித்தார் என்பதற்காக மருத்துவத்தையே விட்டுவிடாதீர்கள். வேறொருவரிடம் போங்கள். பிள்ளைகளைக் "குண்டா", "பூசணி" என்று வீட்டிலும் பட்டப்பெயர் வைத்து அழைக்காதீர்கள். பள்ளித் திடலில் அந்தப் பெயரைக் கேட்டு ஒதுங்கி நிற்கும் பிள்ளையை நான் தினமும் பார்க்கிறேன். ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கவே அவன் கூசுகிறான். ஓடாத பிள்ளைக்கு எடை எப்படிக் குறையும்?

அன்று அந்த டாக்டரின் அறையைவிட்டு வெளியே வந்ததும் அந்தத் தாய் என்னிடம் சொன்னார்: "டீச்சர், அவங்க என்னைத் திட்டவே இல்ல." மருந்துச் சீட்டைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. திட்டாமல் இருப்பதும் அந்த டாக்டர் படித்துக்கொண்ட பாடத்தில் ஒன்று. நம் சுற்று வட்டாரத்துக் கிளினிக்குகளில் எல்லாம் அந்தப் பாடம் படித்த ஒருவராவது இருக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். தோட்டத்து டிரஸ்ஸர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்று 1965-இல் சட்டமே சொன்னதல்லவா? இன்று நாம் இதைக் கேட்பது அதிகம் இல்லை.

அடுத்த இதழில் சந்திப்போம். அதற்குள் வீட்டில் உள்ள பெரியவர் எல்லாரையும் தையல் நாடாவால் ஒருமுறை அளந்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்டப் பள்ளி ஆசிரியை
செரண்டா